எங்கள் ஊர்க் கணுக்கால்கள் எல்லாம் நலம்

எனக்குப் போனில் பேசுவது ரொம்பப் பிடிக்கும். ராங் நம்பர் வந்தால்கூட அவர்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பேன். மாற்றிய மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டு மூட்டுப் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து வருடா வருடம் போன் வரும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குப் பாதிச் சம்மதம் அதற்காகவே கொடுத்தேன். அந்த அலுவலகத்திலிருந்து நீங்கள் நேரிலேயே வந்திருப்பது இன்னும் சந்தோஷம், அம்மா.

முழங்கால் மாற்றியவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். கணுக்கால் அப்படியில்லை. அது தேய்ந்தால் எலும்புகளைச் சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கிவிடுவார்கள். வலி போகும், பாதம் மடங்காது. பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி ஊரையே ஓடவிட்ட விளையாட்டு ஆசிரியர் நான், விறைத்த பாதத்தோடு திரிய முடியுமா? இந்த ஊரில் முதல் செயற்கைக் கணுக்கால் என்னுடையது. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் டாக்டர் என்னை மேடையேற்றி நடக்கச் சொன்னார். கைதட்டலில் கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

அடுத்த வருடமே உள்ளே ஏதோ ஆட ஆரம்பித்தது, விழப்போகும் பல் போல. அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அதைப் போய் யாராவது வெளியே சொல்வார்களா?

"வலி பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு சார்?" என்று உங்கள் அலுவலகப் பெண் கேட்டாள்.

"பூஜ்யம்மா."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"பூஜ்யத்துக்குக் கீழ ஏதாச்சும் இருந்தா அதைப் போட்டுக்கோங்க."

சிரித்துவிட்டாள். நல்ல பெண்.

என் நடையைப் பார்த்துக் கடிகாரக் கடைக்காரரும் பின் தெரு டீச்சரம்மாவும் அதே மாடலை வைத்துக்கொண்டார்கள். உங்கள் படிவத்தில் இரண்டாவது போன் நம்பர் கேட்ட இடத்தில் இருவரும் என்னுடையதைக் கொடுத்திருந்தார்கள். சீக்கிரமே அவர்களும் நொண்ட ஆரம்பித்தார்கள். "புது நம்பர்லேர்ந்து வர்றதெல்லாம் எதையாவது வாங்கச் சொல்ற தொல்லை, எடுக்காதீங்க" என்று சொல்லிவைத்தேன். அவர்கள் எடுக்கவில்லை. நீங்கள் என்னை அழைத்தீர்கள். டீச்சரம்மா குரலுக்கு மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரர் காலமான பிறகும் வலி இல்லை என்றுதான் சொன்னேன். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா?

ஆயிரக்கணக்கான முழங்கால்களுக்கு நடுவே என் பேச்சு காணாமல் போயிருக்கும். விரல்விட்டு எண்ணும் கணுக்கால்களில் நான்தான் பாதி ஊர்.

பிறகு மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, தையல்காரன். அவனுக்கும் கணுக்கால் தேய்ந்திருந்தது. வந்து நிலைப்படியிலேயே நின்றான்.

"மாமா, உள்ளதைச் சொல்லுங்க. எனக்குச் சோறு போடறது இந்தக் கால்தான். பேசாம எலும்பை இறுக்கிக்கிட்டு மத்தக் காலால மிஷின் மிதிச்சுப் பழகட்டுமா? டாக்டர் பதிவேட்டுல பார்த்தாராம், உங்க மாடல்ல ஒரு புகாரும் இல்லையாம்."

"அப்புறம் என்ன மச்சான்? கணக்கே சொல்லுதுல்ல?"

ஒற்றைக் காலில் நின்று காட்டினேன். எந்தக் கால் என்று அவன் கேட்கவில்லை. நானும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

என் காலுக்குத் தினமும் ஒத்தடம் கொடுப்பவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "தம்பி, எதுக்கும் இன்னொரு டாக்டரை..." என்று இழுத்தாள்.

"ஏன், உன் தம்பி நல்லா நடக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவன் எலும்பை இறுக்கிக்கொண்டு வலியில்லாமல் நடந்திருந்தால் வீட்டு விசேஷங்களில் என் நடையை யார் பார்ப்பார்கள்?

அவனும் அதே மாடலை வைத்துக்கொண்டான். மூட்டு அவன் எலும்புக்குள் இறங்கிவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் திறந்து எடுத்தார்கள். மிச்சமிருந்த எலும்பைச் சேர்த்ததில் கால் குட்டையாகிவிட்டது. காலைத் தொங்கவிட்டாலே வீங்குகிறது, மிஷின் முன்னால் உட்காரவே முடியவில்லை. இப்போது வேறொருவர் கடையில் பொத்தான் தைக்கிறான். அவனும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் உங்கள் போன் வந்தது. "மிஷின்ல ரயில் ஓட்டறார்" என்றேன். மறு ஆபரேஷனையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களுக்கு எழுதி அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்துத்தானே கிளம்பி வந்திருக்கிறீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் குரலும் நான்தான். அவன் மூட்டும் ஆடும் என்று தெரிந்துதான் அன்று நின்று காட்டினேன். என் கணக்கைத் திருத்துங்கள். டீச்சரம்மாவுடையதையும் திருத்துங்கள். கடைக்காரர் காலமாகிவிட்டார் என்று போடுங்கள். மச்சானுடையதை மட்டும் 'நலம்' என்றே விட்டுவிடுங்கள், அம்மா. குடும்பத்தில் ஒருத்தனாவது நல்லபடியாக நடக்கட்டும்.