ஊட்டா ஆய்த்தா

அடுகோடி சிக்னலில் பஸ் நகரவே இல்லை. முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணா, நேத்து சாவியை நானே கொடுத்துட்டேன்," என்றாள்.

"நீ கொலைகாரி வேஷம்மா. நம்ம எஸ்கேப் ரூம்ல அடைபட்டு விளையாட வந்தவங்கதானே வெளிய போற சாவியைத் தேடணும்?"

"விளையாட வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, சாப்டியான்னு கன்னடத்துல, 'ஊட்டா ஆய்த்தா'ன்னு கேட்டாங்க. காலையிலேருந்து தொடர்ந்து ஷோ. வாய் தவறி இல்லன்னுட்டேன். உடனே பையிலிருந்து சப்பாத்தி எடுத்துக் கொடுத்தாங்க. அப்புறம் எப்படிண்ணா கத்தியைக் காட்டி மிரட்டுறது?"

"அந்த ரூம் கதைக்கு நான் ஆறு முடிவு எழுதியிருக்கேன். ஒண்ணுலகூட உன்னை யாரும் சாப்டியான்னு கேக்கலை."

"அவங்க சனிக்கிழமைக்கு மறுபடி புக் பண்ணியிருக்காங்கண்ணா."

"மறுபடியா? ஒரு தடவை வெளிய போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லையே. ரூமையே மூடிடலாம்னு இருந்தேன்."

"மூடாதீங்க."

"மூடலை. இதையே ஏழாவது முடிவா எழுதிடறேன். யார் உன்னைச் சாப்டியான்னு கேக்கறாங்களோ, அவங்களுக்குச் சாவி."

பஸ் நகர்ந்தது. அவர் அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னிக்காவது சாப்டியா?" என்றார்.

"இல்லண்ணா," என்றவள், இல்லாத சாவி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.