மரத்தில் எழுதிய ரசீது

"ஹலோ... ஹலோ, டாக்டர் எட்டிங்கரா? வெச்சிராதீங்க டாக்டர். ஓபர்வைலர் கோயில்லேர்ந்து நோட்பூர்கா பேசுறேன்... ஆமா, கோயிலப் பாத்துக்கிற கோயில்பிள்ளை. ஆமா ஆமா, அந்தப் பிடிவாதக்காரியேதான்."

பூசை உடுப்புகள் தொங்கும் அறையில், ஒரு கையில் ரிசீவரும் மறுகையில் உளியுமாக நோட்பூர்கா நின்றிருந்தாள். அறுபத்தொரு வயதில் ஏணி ஏறி இறங்கியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"படம் யாருக்குச் சொந்தம்னு தீர்மானிக்கிற கூட்டம் ஆரம்பிச்சாச்சா?... தீர்ப்புல கையெழுத்து?... இன்னும் போடலையா? அப்போ போடாதீங்க. கெஞ்சிக் கேக்கிறேன்... இல்ல, பங்குச் சாமியாருக்கு இது தெரியாது. டாக்டர், பீடத்து மாதா படம் எங்க கோயிலோடது இல்ல. திருப்பிக் கேக்கிற லாண்டவர் குடும்பத்தோடதுதான்... தெரிஞ்சுதான் சொல்றேன்... அவங்க கோயிலுக்குக் கொடுத்ததா இருக்கிற அந்த தானப் பத்திரம் பொய். முழுப் பொய்."

"...கொஞ்சம் கேளுங்க. போன வாரம் வந்தப்போ படத்த மூடுற பக்கக் கதவு ரெண்டையும் திறந்து காட்டச் சொன்னீங்க. தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் திறக்கிற வழக்கம் இல்லன்னு சாவியத் தர மாட்டேன்னுட்டேன். நீங்களும் பெருந்தன்மையா வெளிப்பக்கத்த மட்டும் படம் புடிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க... ஆமா. இப்போ திறந்துட்டேன்... தவக்காலத்துலயேதான்."

முப்பது வருஷமாக அந்தப் படத்துக்குத் தூசி தட்டியவள் அவள். கல்யாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அதுவும் போய்விட்டால் அவளுக்கு அந்தக் கோயிலில் வெறும் சுவர்தான் மிச்சம். பொய்யாக இருந்தாலும் தீர்ப்பு நம் பக்கம்தானே என்று நேற்று ராத்திரி வரைக்கும் இருந்தவளுக்கு, விடிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை.

"இடது கதவுக்கு உள்பக்கம், கீழ்ச்சட்டத்துல எழுத்து இருக்கு. அதுமேல பொன் பூசின ரீப்பர் கட்டை ஒண்ணு அடிச்சு மறைச்சிருந்துச்சு. இப்பதான் நெம்பி எடுத்தேன்... வாசிக்கிறேன், எழுதிக்கோங்க. 'யூலியுஸ் லாண்டவரிடமிருந்து இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கப் பெற்றுக்கொண்டேன். எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன். ஆல்பன் ஸ்வெர்கர், நவம்பர் 1938'... ஆல்பன் எங்கப்பா. எனக்கு முந்தி அவருதான் கோயில்பிள்ளை."

"...ம்... ம்... ஏன்னா அது நாஜிங்க யூதருங்க வீடு வீடா பூந்து சோதனை போட்ட நேரம். தாள்ல எழுதினா சிக்கிரும்னு ரெண்டு பேருமா மரத்துல எழுதியிருக்காங்க... லாண்டவர் மாதிரி யூத மாட்டு வியாபாரிகிட்ட மாதா படம் எப்பிடின்னா? இங்க இருந்த சந்நியாசி மடத்த மூடினப்போ வைக்கோல் கொட்டகையில கிடந்தத அவரோட தாத்தா காசு கொடுத்து வாங்கினாரு. நம்மாளுங்க விறகாக்கியிருப்பாங்க."

"...நானே எழுதினேனா? நானா? எழுதி எனக்கு என்ன ஆகப்போகுது டாக்டர், இருக்கிறதும் போகப்போகுது... சரி, ஆள அனுப்புங்க. மசிய சோதிச்சுப் பாருங்க. அது வரைக்கும் கையெழுத்து வேண்டாம்."

எதிர்முனையில் அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். நோட்பூர்கா உளியை மேசைமேல் வைத்தாள்.

"...அன்னைக்கே ஏன் சொல்லலன்னா... தவக்காலம்... இல்ல. அது சாக்கு. எனக்குத் தெரியும். ஒன்பது வயசுலேர்ந்து தெரியும்."

"போர் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு லாண்டவர் திரும்பி வந்தாரு... ஆமா, உயிரோடதான். படத்தக் கேட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. அப்போ அது மணிக்கூண்டுல சாக்கு போட்டு மூடிக் கிடந்துச்சு. அவரு நாட்ட விட்டே போனப்புறம்தான் தானப் பத்திரம் தயார் பண்ணி, படத்த பீடத்துல ஏத்தினாங்க. அத்தனை பொய்க்கும் துணிஞ்ச எங்கப்பாவுக்கு, அந்த எழுத்தச் சுரண்ட மட்டும் கை வரல. ரீப்பர் அடிச்சு மூடிட்டாரு..."

"...யாரு?... அவரு மகளா? அங்கயா இருக்காங்க?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? அப்போ எல்லாத்தையும்... வேண்டாம் டாக்டர். அவங்ககிட்ட என்னால... டாக்டர்..."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"...வணக்கம்மா... ஆமா, கெர்டா அம்மா. அன்னைக்கு வாசல்ல பதில் சொன்ன அந்தப் பொண்ணு நான்தான்... ஆமா, ரெட்டைச் சடை. நீங்க பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு உங்கப்பா கையப் புடிச்சு நின்னீங்க... அப்பா கதவுக்குப் பின்னாலதான் இருந்தாரு. சொல்லிக் கொடுத்தத ஒப்பிச்சேன். குண்டு விழுந்து படம் எரிஞ்சு போச்சுன்னேன். உங்கப்பா என் தலையத் தடவிக் கொடுத்து, 'படம் போனா போகட்டும், நீ பொழைச்சுக்கிட்டியே'ன்னாரு... மறக்க முடியல. ஒரு நாளும் முடியல."

"...இல்லம்மா, மன்னிப்பு கேக்க போன் பண்ணல. அதக் கேக்க எனக்கு வாய் கிடையாது. படத்த எடுத்துட்டுப் போங்க, அது போதும்..."

"...ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? பத்து மணிப் பூசைக்கு ஊரே இருக்குமே... ம்... ம்... இல்ல, மூட மாட்டேன். ரீப்பரத் திருப்பி அடிக்கவும் மாட்டேன். தவக்காலத்துல ஏன் திறந்து கிடக்குன்னு கேப்பாங்க, கேக்கட்டும். கிட்ட வந்து வாசிக்கட்டும்... சாமியாரு வேலைய விட்டுத் தூக்கினா தூக்கட்டும்... அது எங்கப்பா கையெழுத்துன்னு நானே சொல்லுறேன்..."

"...என்னம்மா?... எரிஞ்சு போச்சுன்னு சொன்னது யாருன்னும் சொல்லுவேனான்னா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சொல்லுறேன். அதையும் சொல்லுறேன். எல்லாரு முன்னாலயும், உங்க முன்னால... கெர்டா அம்மா?... ஹலோ... இருக்கீங்களாம்மா?... ஹலோ?"

அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எதிர்முனையில் வைத்துவிட்டிருந்தார்கள்.