மொறிஸ் மைனரின் பின் ஆசனம்

மேலதிக வாக்குமூலம்
திகதி: 2024.08.22. நேரம்: முற்பகல் 11.20
பெயர்: தேவராசா உதயகலா. வயது: 45. தொழில்: தையல். முகவரி: துறைமுக வீதி, மயிலிட்டி.

மேலே பெயர் சொல்லப்பட்ட நான் எவருடைய வற்புறுத்தலும் இன்றி இப்பொலிஸ் நிலையத்துக்குத் தனியாக வந்து கூறுவதாவது:

உடுவிலைச் சேர்ந்த செல்வநாயகம் நாகேஸ்வரி, வயது 69, இம்மாதம் 18 ஆம் திகதி எனது காருக்குள் இறந்தது தொடர்பாக நான் அன்றே ஒரு வாக்குமூலம் கொடுத்துள்ளேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விடயத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இன்று வந்துள்ளேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும் என்று நான் கேட்டுக்கொண்டதால் உத்தியோகத்தர் முதலிலிருந்தே எழுதுகிறார்.

நான் மயிலிட்டியில் பிறந்தவள். 1990 இல் இடம்பெயர்ந்து, மல்லாகத்தில் முகாமில் வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்து, 2018 ஆம் ஆண்டு கணவர் தேவராசாவுடன் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தேன். கணவர் கடற்றொழில் செய்கிறார். பிள்ளைகள் இல்லை. வீட்டின் முன் அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

கடந்த வருடம் ஆனி மாதம் உடுவிலில் ஒரு வீட்டுக்குத் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வளவின் கொட்டிலுக்குள் ஒதுங்கினேன். அங்கே படங்கு போட்டு மூடிய ஒரு வாகனம் நின்றது. கூரை ஒழுகிய இடத்தில் படங்கு விலகி, கதவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓடிய வழியில் மட்டும் அழுக்குக் கழன்று, இரண்டு விரல் அகலத்துக்கு நீல நிறம் தெரிந்தது. விடியற்காலையில் கடலுக்கு மேலே ஒரு நீலம் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகும். அந்த நீலம். மழை விட்ட பின்னரும் நான் அங்கேயே நின்றேன். எதற்காக இந்தக் காரை வாங்கினீர்கள் என்று உத்தியோகத்தர் கேட்பதால் கூறுகிறேன், அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் வீட்டுக்காரி குடையுடன் வந்தார். அவர்தான் நாகேஸ்வரி. ஓய்வுபெற்ற தபாலதிபர். கணவர் செல்வநாயகம் காலமாகிப் பன்னிரண்டு வருடம். வங்கியில் வேலை செய்யும் மகள் வித்தியாவுடன் இருந்தார். நான் படங்கைக் காட்டி, "உது ஓடுமோ அன்ரி?" என்று கேட்டேன்.

"இப்ப உதுக்குள்ளை கோழிதான் இருக்கு."

"விக்கிற எண்ணம் இருக்கோ?"

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் என்னையும் என் சைக்கிளையும் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார். மயிலிட்டி என்றேன். கார் ஓடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதற்கு அவர் சிரித்து, "நல்லது. ஓடத் தெரிஞ்சவை எல்லாம் வந்து விலை குறைச்சுக் கேட்டுப்போட்டுப் போட்டினம்" என்றார்.

அது 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், நான்கு கதவு. என் சீட்டுக் காசு இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு அவர் சம்மதித்தார். ஆனால் பின் ஆசனத்தில் ஒரு கோழி அடை கிடந்தது. "குஞ்சு பொரிக்கட்டும் பிள்ளை, மூண்டு கிழமை பொறு" என்றார். நான் பொறுத்தேன். அந்த மூன்று கிழமையும் எனக்குச் சரியான நித்திரை இல்லை. கண்ணை மூடினால் யாரும் இல்லாத கார் ஒன்று கோழியுடன் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பதினொரு குஞ்சு பொரித்தது என்று அவர் தொலைபேசியில் சொன்ன மறுநாள், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து மயிலிட்டிக்குக் கொண்டுவந்தோம். கணவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "கலா, கடலிலை ஓட்டை விழுந்த வள்ளம் எண்டால் நான் எரிச்சிருப்பன்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று பின்னேரமே நான்கு கம்பம் நட்டு அதற்குக் கிடுகு வேய்ந்து தந்ததும் அவர்தான்.

அதன் பின்னர் பதின்மூன்று மாதம் வேலை நடந்தது. தெல்லிப்பழையில் கராச் வைத்திருக்கும் அருளம்பலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இயந்திரத்தையும் தகர வேலையையும் செய்தார். முதல் நாள் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உது கார் இல்லைத் தங்கச்சி, துரு. நடுவிலை கொஞ்சம் கார் கிடக்கு" என்றார். தரைத் தகடு அரித்துப்போய், ஆசனத்தில் இருந்து குனிந்தால் மண் தெரிந்தது. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம் என்பதால் எண்ணெய்த் தாங்கியை எத்தனை முறை கழுவியும் அந்த மணம் போகவில்லை. பாகங்கள் சில கொழும்பிலிருந்து வந்தன. சிலவற்றை அருளம்பலம் கடைந்து செய்தார்.

தேய்க்கும் வேலையை நான் செய்தேன். பகலில் தையல், பின்னேரம் சாண்ட் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும். தேய்க்கத் தேய்க்க நீலத்துக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே தகரம் என்று தீவுகள் போலத் தோன்றும். சில நாட்களில் கை தானாக ஓடிக்கொண்டிருக்கும், நான் எங்கோ இருப்பேன். கணவர் வந்து விளக்கைப் போட்டால்தான் இருட்டிவிட்டது தெரியும். இருக்கைகளுக்கு றெக்சின் வாங்கி நானே தைத்தேன். கடையில் நீலம் இல்லாததால் சிவப்பு. இடையில் வாகனம் ஓடப் பழகி அனுமதிப் பத்திரமும் எடுத்தேன்.

நாகேஸ்வரி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பார். படம் அனுப்பச் சொல்வார். சிவப்பு றெக்சினைப் பார்த்து, "பரவாயில்லை, உன்ரை கார்தானே" என்றார். எண்பதுகளில் கணவரை விட அவரே அந்தக் காரை அதிகம் ஓடினாராம். தபால் கந்தோருக்கு அதில்தான் போய்வந்தாராம். இருதய வருத்தத்துக்கு மாதம் ஒருமுறை கிளினிக் போவதையும் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே அவருடைய வருத்தம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

18 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 8.30 மணியளவில் காரை அவருக்குக் காட்ட உடுவிலுக்குப் போனேன். காப்புறுதியும் வாகன வருமான அனுமதிப் பத்திரமும் எடுத்த பின் அதுவே முதல் ஓட்டம். மகள் வித்தியா நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். நாகேஸ்வரி படலைக்கு வெளியே வந்து, புதிதாகப் பூசிய அதே நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்தார். "பிள்ளை வாறதுக்குள்ளை வந்திடலாம்தானே?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். வித்தியாவுக்குச் சொல்லிவிட்டுப் போவோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் பிழை.

காங்கேசன்துறை வீதியால் மெதுவாகப் போனோம். சோளகக் காற்று பின்னால் இருந்து தள்ளியது. கார் ஓடுவது போலவே இல்லை. யாரோ நூல் கட்டி இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. காங்கேசன்துறையில் கிழக்கே திரும்பிக் கடல் தெரிந்ததும், "நான் கொஞ்சத் தூரம் பிடிக்கட்டோ?" என்று அவர் கேட்டார். வீதியில் ஆட்கள் இல்லை. இயந்திரத்தை நிறுத்தாமலே இறங்கி இடம் மாறினோம். அவரிடம் செல்லுபடியான அனுமதிப் பத்திரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். ஏறக்குறைய ஒரு மைல். கியர் போட்ட சத்தமே கேட்கவில்லை. முகத்தை ஒருமுறை பார்த்தேன். அவர் எனக்கு அறிமுகமில்லாத, என்னிலும் வயது குறைந்த ஒரு பெண் போல இருந்தார். பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது போல இருந்தது.

மயிலிட்டித் துறைமுகத்துக்கு அப்பால், கரையோரம் ஒரு பூவரச மரத்தின் கீழ் அவரே நிறுத்தினார். நேரம் 10.05. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "போதும். இனி நான் பின்னாலை இருக்கப்போறன். உந்தப் பின் சீற்றிலை நான் ஒரு நாளும் இருந்ததில்லை" என்றார். பின்னால் ஏறிச் சாய்ந்து, றெக்சினைக் கையால் தடவி, நன்றாகத் தைத்திருக்கிறாய் என்றார். அதன் பின்னர் கண்ணை மூடினார். அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. வருத்தம் எதுவும் சொல்லவில்லை. எழுப்ப மனம் வராமல் நான் முன் ஆசனத்தில் இருந்தேன். நான்கு யன்னலும் திறந்திருந்தன. முதல் நாள் இரவு முழுவதும் நான் காரை மினுக்கிக்கொண்டிருந்ததால் நானும் நித்திரையாகிவிட்டேன். இதுவரை முன்னைய வாக்குமூலத்திலும் உள்ளது.

சொல்லாமல் விட்டது இதுதான். நித்திரையில் ஒரு கனவு கண்டேன். கனவை எழுதத் தேவையில்லை என்று உத்தியோகத்தர் சொன்னார். அது இல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது. கார் கடலுக்கு மேல் சத்தமில்லாமல் போகிறது. கதவின் பாதி வரை தண்ணீர், ஆனால் உள்ளே வரவில்லை. யாரும் ஓட்டவில்லை. நான் முன்னால் இருந்து மடியில் நீண்ட சிவப்புத் துணியை வைத்துத் தைக்கிறேன். தையல் முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து, "பிள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்பாமலே, "ஓம் அன்ரி, வாறன். இந்தத் தையலை முடிச்சிட்டு வாறன்" என்றேன். பிறகும் தைத்துக்கொண்டே இருந்தேன்.

விழித்தபோது மணி 10.50. பின்னால் திரும்பினேன். நாகேஸ்வரி சற்று முன்னே சரிந்திருந்தார். அவருடைய வலது கை என் ஆசனத்தின் மேல் விளிம்பைப் பிடித்தபடி, என் தோளுக்கு நான்கு விரல் தூரத்தில் இருந்தது. கை குளிர்ந்திருந்தது. அந்தக் கையை நான் எடுத்து அவருடைய மடியில் வைத்தேன். அதை யாரும் காணவில்லை. என்னை எங்கள் வீட்டிலோ ஊரிலோ பிள்ளை என்று அழைப்பவர் எவரும் இல்லை. அவர் ஒருவர்தான். ஆகவே அந்தக் குரல் கனவில் வந்த குரல் அல்ல. அவர் என்னை உண்மையாகவே கூப்பிட்டார். நான் எழும்பவில்லை.

அதன் பின்னர் நானே காரை ஓட்டிக்கொண்டு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போனேன். வழி முழுவதும் அவருடன் கதைத்துக்கொண்டே போனேன். என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. உயிர் முன்னரே பிரிந்துவிட்டது என்றும், மாரடைப்பு என்றும் வைத்தியர் சொன்னார். நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

20 ஆம் திகதி செத்தவீட்டுக்குப் போய் நான் வீதியிலேயே நின்றேன். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போனவள் இவள்தான் என்று உறவினர் சிலர் என்னைக் காட்டிக் கதைத்தார்கள். அவர்கள் கதைத்ததில் பிழையில்லை. வித்தியா படலைக்கு வந்து, "அக்கா, அம்மா கடைசியா ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார். நான், "இல்லை, நித்திரையிலேயே போட்டா" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "அது போதும்" என்றார். அந்தப் பிடியோடு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கணவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர், "நான் கொண்டுபோய் விடுறன், நீ போய்ச் சொல்லு" என்றார்.

இன்று காலை கணவர் உடுவிலில் இறக்கிவிட, வித்தியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார். அடிப்பார் அல்லது எழும்பிப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "எத்தினை தரம் கூப்பிட்டவ?" என்று கேட்டார்.

"எனக்குக் கேட்டது ஒருக்காத்தான்."

"நோவிலையோ?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். "நோவிலை கூப்பிட்ட மாதிரி இல்லை. யன்னலைக் கொஞ்சம் ஏத்திவிடு எண்டு கேக்கக் கூப்பிடுவினமே, அப்பிடி."

அதற்குத்தான் அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, "நான் உங்களிலை வழக்கு வைக்கப்போறதில்லை. கோவம் இருக்கு. அது போகுமோ தெரியாது. ஆனால் நீங்கள் பொலிசிலை போய் இதைச் சொல்லுங்கோ. அம்மா கடைசியாச் சொன்ன சொல்லு எங்கையாவது எழுதிக் கிடக்கோணும்" என்றார். அதனால் அங்கிருந்து நேரே இங்கு வந்தேன். வாகனம் பொலிஸ் பொறுப்பில் உள்ளது. அதைத் திரும்பக் கேட்க நான் இன்று வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதுமாகும், எல்லாம் உண்மை. இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கனவு பற்றிய பகுதியில் "இறந்தவர் சாட்சியை அழைத்தார்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டி, "பிள்ளை" என்ற சொல்லை அவர் சொன்னபடியே எழுதும்படி கேட்டேன். உத்தியோகத்தர் திருத்தினார். திருத்தத்தின் பக்கத்திலும் கீழேயும் ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: தே. உதயகலா