தொடக்கம் தெரியாத படம்

ஹவுகெட்டோ என்ற புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

“அந்தப் படத்தின்ரை கடைசி அஞ்சு நிமிசத்தைப் பதினொரு தரம் பாத்திட்டன்,” என்றார் மூத்தவர். தியேட்டரில் துப்புரவு வேலையாம். படம் முடியும்வரை தும்புத்தடியோடு கதவடியில் நிற்பாராம்.

“உலகம் அழிஞ்ச படமோ, அக்கா?”

“ஓம். கடல் வத்தி, சிவப்பு மணலிலை கப்பலுகள் சரிஞ்சு கிடக்குது. ஒரு பொம்பிளை தனிய நடந்து போறாள். அவளின்ரை போர்வை காத்திலை நீளமாப் பறக்குது. அவ்வளவு வடிவு.”

“நான் முழுக்கப் பாத்தனான். ஏன் தனியப் போறாள் எண்டு சொல்லட்டே?”

“வேண்டாம்.”

நானும் பார்த்த படம்தான். முதல் அரை மணித்தியாலத்திலேயே அவளுடைய ஆட்கள் எல்லாரும் இறந்துபோவார்கள்.

“ஏன் அக்கா?”

“நீர் சொன்னால் ஆர் ஆர் செத்தது எண்டு தெரிஞ்சிடும். இப்ப எனக்கு, அவளின்ரை ஆக்கள் எல்லாரும் முன்னாலை போயிட்டினம். அவள் கொஞ்சம் பிந்தி நடக்கிறாள். அவ்வளவுதான்.”

ஜன்னலுக்கு வெளியே பனிக்குக் கீழே கடல் சாம்பல் நிறமாக வந்துகொண்டே இருந்தது. இளையவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அக்கா,” என்றார் பிறகு. “படத்திலையும் அப்பிடித்தான்.”