எழுபத்தேழு யார்?

ஒரு மனுஷனுடைய குரலுக்கு என்ன விலை போடலாம்? கிள்ளானில் அது எண்ணூறு ரிங்கிட்டுக்குப் போனது. ஆயிரத்து இருநூறில் தொடங்கி, பேரத்தில் இறங்கியது.

கொஞ்சம் கிட்ட வாருங்கள்... சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

நம்ம பிரையனுடைய மச்சான் கிரிகரி. கேபிளில் என்ன ஓடுகிறது என்று லேப்டாப்பில் பிடித்துப் பார்த்து, கோளாறு கண்டுபிடிப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாடுவதுதான் உயிர். அவன் பாட எழுந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும்.

இரவு பதினொன்றரை. துறைமுகத்துக்குப் போகிற பழைய சாலை. கடைசி லோரியும் போய்விட்டது. பரமேஸ்வரனின் மசாலாக் கிடங்கில் மட்டும் விளக்கு. ஒரு வாரமாக ராத்திரியில் அங்கே கேபிளில் ஓடும் மேசை போன்கள் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகின்றன.

"நீ மாட்டின போன், நீயே சரி பண்ணு," என்றார் பரமேஸ்வரன். "ஆயிரத்து இருநூறெல்லாம் கிடையாது, எண்ணூறுதான். விடியறதுக்குள்ள முடியலைன்னா டோல் காசுகூடக் கிடையாது. அப்புறம் கிள்ளான்ல எவன் உனக்கு வேலை தரான்னு பாக்கறேன்."

கம்பிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காவலாளி பக்கிரிசாமி கதவுக்கு அந்தப் பக்கமே நாற்காலி போட்டார்.

"என்ன அண்ணே, உள்ள வர பயமா?"

"யாராச்சும் கூப்பிட்டா வாயத் தெறக்காத. மனுஷன்னா மூணு தடவ கூப்பிடுவான். அது ஒரு தடவதான் கூப்பிடும்."

"பில்லு காசுக்கு நான் முப்பது தடவ கூப்பிடறேன். அப்ப நான் யாரு?"

"கூலிக்காரன் லா."

கிரிகரி லேப்டாப்பை மாட்டினான். திரையில் வரிகள் ஓடின. எந்தக் கருவியும் இன்னொன்றோடு பேசுமுன் கேபிளில் கேட்கும்: 'இந்த எண் யார்? எனக்குச் சொல்.' பதில் இல்லையென்றால் மறுபடி... மறுபடி. மூன்று தடவை. அப்புறம் விட்டுவிடும்.

திடீரென்று போன்களின் பச்சை விளக்குகள் அணைந்தன. ஓடிய வரிகள் நின்றன. ஒரே ஒரு வரி விழுந்தது.

'எழுபத்தேழு யார்? பதிமூன்றுக்குச் சொல்.'

பதிமூன்றை அவன் எந்த போனுக்கும் கொடுத்ததில்லை; எழுபத்தேழையும் இல்லை. கேள்வி வந்த கேபிளைத் தடவிக்கொண்டே போனான்... மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரில் போன் செருகுகிற ஒரு துளை. அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. அங்கே மிளகாய் நெடியும் இல்லை. நனைந்த சாக்கு நாற்றம்.

திரும்பி வந்து பார்த்தான். இரண்டாம் வரி விழவில்லை. ஒரே தடவைதான் கேட்டிருந்தது.

பக்கிரிசாமி சொன்னது ஞாபகம் வந்தது. எண்ணூறும் ஞாபகம் வந்தது. எண்ணூறு ஜெயித்தது.

பதில் கொடுத்தால்தானே என்ன வேண்டும் என்று தெரியும்? தன் லேப்டாப்புக்கே எழுபத்தேழு என்று எண் கொடுத்தான். லேப்டாப் பதில் அனுப்பியது: 'நான்தான்.'

கேபிளில் ஏதோ சத்தம் வரத் தொடங்கியது. ஹெட்போனை மாட்டினான். சொட்... சொட்... தண்ணீர். பிறகு, வீட்டில் தூங்குகிற அவன் மனைவி டொரத்தியின் குரல்.

"கிரிகரி."

ஒரே தடவை.

"ஆங்... சொல்லு," என்றான்.

எல்லா போனுக்கும் உயிர் வந்தது.

காலையில் பரமேஸ்வரன் எண்ணூறை மேசையில் வீசினார். "என்னடா கோளாறு?" கிரிகரி வாயைத் திறந்தான். உதடு அசைந்தது... காற்றுகூட வரவில்லை.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

கதவுக்கு வெளியே நாற்காலி மட்டும் இருந்தது. பக்கிரிசாமி சம்பளம் வாங்கக்கூடத் திரும்பி வரவில்லை.

டாக்டர்கள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறான். ஆத்திரம் தாங்காமல் பிரையன் அந்தக் கிடங்குக்குப் போய், மேசை போனில் பதிமூன்றை அழுத்தினான். எதுவும் மாட்டாத அந்தத் துளை எடுத்துப் பேசியது. கிரிகரியின் குரல். சாவகாசமாக.

"ஆங்... சொல்லு."

பிரையன் போனை வைத்துவிட்டு கிரிகரியின் லேப்டாப்பைத் திறந்தான். கேபிளில் பிடித்ததற்கெல்லாம் கடைசியில் அது கணக்குக் காட்டும்.

கேட்டது எழுபத்தேழு குரல். வந்தது ஒன்று. பாக்கி எழுபத்தாறு.