நாலு நல்ல வார்த்தை

யாரைப் பற்றியும் யாரிடமும் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒன்பதாயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தம்பியைப் பற்றியும் நல்லதைத்தான் சொன்னேன். கூடப் பிறந்தவன் இல்லை. சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் பதினான்கு வருடம் எனக்குக் கீழே இருந்தவன். என்னை அக்கா என்பான். மற்றவர்கள் அவனைப் பட்டியல் என்பார்கள். எதற்கும் ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவான். என் மாத அறிக்கையையும் அவன்தான் எழுதுவான். மேலிடத்தில் நான் வாசிப்பேன். வாசிப்பதும் ஒரு வேலைதானே.

நாற்பத்து நாலு வயதில் அவனுக்கு ஏதாவதொரு ஸ்டார்ட்அப் கம்பெனியில் சேரும் ஆசை வந்தது. எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. படிக்கிற பெண்கள் இரண்டு பேர் வீட்டில். மூடுவதற்குள் கரையேறிவிட வேண்டும் என்று தவித்தான்.

"அக்கா, விண்ணப்பம் போட்டா பதிலே வரலை. அங்கெல்லாம் தெரிஞ்சவங்க மூலமாப் போனாத்தான் உண்டாம். எனக்கு யாரைத் தெரியும்? லாரிக்காரங்களைத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியுமேப்பா. நான் எதுக்கு இருக்கேன்?"

சும்மா சொல்லவில்லை. என்னிடம் வேலை பழகிய பலர் வெளியே போய்ச் சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். ஏழு பேருக்கு நானே கடிதம் எழுதினேன். வேலை கேட்காதே, யோசனை கேள். இருபது நிமிடத்தில் நீயாகவே எழுந்துவிடு. கிளம்பும்போது இன்னொருவர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள் என்று பாடமும் எடுத்தேன். அதையும் பட்டியலாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்ப மாட்டார்கள். அவரை அறிந்தவருக்குப் போன் போடுவார்கள். அறிந்தவள் நான்.

முதலில் கூப்பிட்டவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கம்பெனி நடத்துகிறவன்.

"மேடம், ஆள் எப்படி?"

"தங்கம். விதிமுறையை எழுதிக் கொடுத்துட்டா ஒரு எழுத்து பிசகாம செய்வார்."

"சரி மேடம்" என்று போனை வைத்துவிட்டான். அவர்களிடம் விதிமுறை என்று ஒன்று கிடையாது. அது எனக்கும் தெரியும்.

அடுத்தவரிடம், மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட வாங்க மாட்டார் என்று புகழ்ந்தேன். இன்னொருவரிடம், பதினான்கு வருடம் ஒரே நாற்காலியில் இருந்த பொறுமைசாலி என்றேன். ஒன்றும் பொய்யில்லை. எங்கள் நிறுவனத்தில் இவற்றுக்கு விருதே கொடுப்பார்கள். வெள்ளம் வந்த வருடம், யாரையும் கேட்காமல் நாற்பது லாரிகளை மாற்றுவழியில் திருப்பிச் சரக்கைக் காப்பாற்றியவன் என்பதையும் சொல்லியிருக்கலாம்தான். யாரும் கேட்கவில்லை.

"என்னக்கா, நல்லாத்தானே பேசினாங்க? இப்போ கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்காங்களே."

"உன் அருமை அவங்களுக்குத் தெரியலைப்பா. சரி, இந்த மாச அறிக்கை முடிஞ்சுதா?"

முடித்திருந்தான்.

ஏழாவது ஆள்தான் தொல்லை. வீடுகளுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி. நடத்துகிறவர் நரைத்த மனிதர். "எங்ககிட்ட எல்லாமே சிதறிக் கிடக்கும்மா. பட்டியல் போடற ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். அவரிடம் புகழ்ந்தால் வேலையே கிடைத்துவிடும் போலிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நீங்களே ஒரு கம்பெனி தொடங்கினா, இவரைக் கூட வச்சுப்பீங்களா?"

மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கதவைத் துடைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நல்ல மனுஷர்தான்... வேற யாரையாவது பார்த்தீங்களா?" என்றேன்.

"புரியுதும்மா" என்றார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. மரியாதை இல்லை.

நான் ஓய்வு பெற அப்போது பதினொரு மாதம் இருந்தது. அவன் போயிருந்தால் அடுத்த அறிக்கையை நான் எழுதியிருக்க வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். பதினொரு மாதம் அப்படி ஒன்றும் பெரிய காலம் இல்லை. என் பிரிவு உபசார விழாவில் நான் பேசிய பேச்சைக்கூட அவன்தான் எழுதிக் கொடுத்தான். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பிரிவை மூடினார்கள். இரண்டு வருடமாகிறது. இப்போது ஒரு கிடங்கு வாசலில் நின்று, வந்து போகும் லாரிகளின் நம்பரை எழுதுகிறான். மூத்த பெண் படிப்பை விட்டுவிட்டாள். அந்த மருந்துக் கம்பெனி நன்றாக வளர்ந்துவிட்டது. நானும் அங்கேதான் வாங்குகிறேன். மருந்து மட்டும் சொன்ன நாளில் வருவதில்லை. சரியான ஆள் அமையவில்லை போலும்.

போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தான்.

"வேலை கிடைக்கலைங்கறது என் தலையெழுத்துக்கா. ஆனா எனக்காக ஏழு பேர்கிட்ட பேசினீங்களே, கூடப் பிறந்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க."

"விடுப்பா. என் இடத்துல யார் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன்.