அலமாரிக்குள்ள ஒரு கரடி

அய்யோ, உங்க பொண்ண யாரும் அடைச்சு வைக்கலை தம்பி! அவளாத்தான் போய் உக்காந்துக்கறா. முதல்ல நீங்க உக்காருங்க. அதுல வேணாம், அது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க நாற்காலி, உக்காந்தா எந்திரிக்க முடியாது. இந்தப் பக்கம் வாங்க. கையெல்லாம் கிரீஸா? பரவால்ல. ஒர்க்‌ஷாப்ப அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கீங்க.

கோபம் நியாயம்தான். கேக்க ஆளில்லைன்னு நெனச்சீங்களான்னு வாசல்லயே ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, இந்த ஸ்கூல் லைப்ரரிக்கே நான்தான் பொறுப்பு, நானே பயந்து எந்திரிச்சு நின்னுட்டேன். பொண்ணுக்குப் பேச்சு திக்குதுன்னு அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு யாராவது சொன்னா, எந்த அப்பாவுக்குத்தான் வயிறு எரியாது? நாளையிலேர்ந்து லைப்ரரிக்கே அனுப்ப மாட்டேங்கறீங்க. சரி. ஆனா நான் சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஜன்னல்ல யாரு? என்ன சிரிப்பு? போங்க கிளாஸுக்கு! அதுங்களை விடுங்க தம்பி, ஏன் சிரிக்குதுங்கன்னு அப்புறம் சொல்றேன்.

பிள்ளைங்க கையில செல்போன் வேற குடுக்கறோம்னு சொன்னீங்களே, இதான் அது. பெத்தவங்க புதுசு வாங்கிட்டுக் குடுத்த பழசு. சிம்மும் இல்லை, கேமும் இல்லை. பெரிய பிள்ளைங்க இதுல கதை படிச்சுப் பதிவு பண்ணுவாங்க. எழுத்துக்கூட்டற சின்னதுங்க ஹெட்போன மாட்டிக்கிட்டு, அதே புத்தகத்த விரிச்சு வெச்சு, கேட்டுக்கிட்டே வரி மேல விரல் ஓட்டும். சும்மா சொல்லலை, நல்லாவே படிக்க வருது.

முதல்ல இந்த மேசையிலதான் பதிவு பண்ணோம். ராஜா காட்டுக்குப் போனா கூடவே நம்ம ஃபேனும் கடகடன்னு போகுது. இளவரசி அழறப்போ பி.டி. சார் விசில் ஊதறாரு! அப்புறம்தான் மேப்பெல்லாம் சுருட்டி வெச்சிருந்த இந்த அலமாரியக் காலி பண்ணி, உள்ள கம்பளி ஒட்டி, ஒரு ஸ்டூலப் போட்டோம். கதவே கிடையாது பாருங்க, திரைதான். நானும் உள்ள போய்ப் பார்த்தேன். வெளிய இழுக்க ரெண்டு டீச்சர் வேண்டியிருந்துச்சு, அது வேற கதை.

உங்க பொண்ணு வகுப்புல வாயே திறக்க மாட்டா. பேரக் கேட்டாக்கூட முதல் எழுத்துலயே நின்னுடுவா. யாராவது சிரிச்சுட்டா, அன்னிக்கு முழுக்கத் தலை நிமிராது. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கும். ஒருநாள் யாரும் சொல்லாமலே ஒரு போன எடுத்துக்கிட்டுத் திரைக்குள்ள போயிட்டா. நான் கண்டுக்காத மாதிரி இருந்துட்டேன்.

இப்ப சின்னதுங்க அடிச்சுக்கறது அவ படிச்ச கதைக்குத்தான். காட்டையே அதட்டற கரடிக் கதை. நடுநடுவுல திக்கும், நிறுத்தித் திரும்பச் சொல்லுவா. சின்னதுங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, அதுங்களும் அப்படித்தானே படிக்குதுங்க? ஆனா அந்தக் கரடி பேசறப்போ மட்டும் துளிகூடத் திக்காது. சும்மா பொளந்து கட்டுவா. இந்தாங்க, காதுல வைங்க.

கேக்குதா? ஆமா தம்பி, 'கேக்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா'தான், நீங்க வாசல்ல போட்ட அதே சத்தம். புத்தகத்துல அந்த வரியே கிடையாது, அவளாச் சேர்த்துக்கிட்டா. குரல் யாரோடதுன்னு எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க வாசல்ல கத்தினதும் ஒண்ணாங்கிளாஸ் மொத்தமும் ஜன்னலுக்கு ஓடி வந்துருச்சே, எதுக்குன்னு நெனச்சீங்க? கரடி வந்திருக்காம்.

உங்க குரல்ல பேசினா அவளுக்குத் திக்கறதில்லை, அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு அனுப்புவீங்கல்ல? சரி சரி, கண்ணுல கை வைக்காதீங்க தம்பி, கிரீஸு.